ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஒன்பது கோள்கள்

புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து நீக்கியது 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் என்று பொது அறிவுப் புத்தகங்களில் போட்டிருக்கிறது. எங்கள் கணக்கு வேறு. தூத்துக்குடியில் நான் படித்த தொடக்கப் பள்ளியில் புளூட்டோ 1989-லேயே, செருகியிருந்த கம்பியோடு சேர்ந்து காணாமல் போய்விட்டது. உலக விஞ்ஞானிகள் ஓட்டெடுத்துச் செய்த காரியத்தை, யாரையும் கேட்காமல் 17 வருஷம் முன்னாடியே முடித்துவைத்த பள்ளி அது.

அந்தக் கோள்கள் எங்களிடம் வந்த கதை டெல்லியில் தொடங்குகிறது. 1986-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, 1987-88-இல் மத்திய அரசு கரும்பலகைத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. தொடக்கப் பள்ளி என்றால் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர் வேண்டும். கரும்பலகை, உலக உருண்டை, வரைபடங்கள், கணக்குப் பெட்டி, அறிவியல் பெட்டி எல்லாம் வேண்டும். பிள்ளைகள் மனப்பாடத்தை விட்டுவிட்டு, தொட்டுப் பார்த்து, செய்து பார்த்துப் படிக்கட்டும் என்பதுதான் யோசனை. நல்ல யோசனை. பெட்டி வந்து இறங்கிய அன்றைக்கே பெரிய சார் அதற்கு நல்ல பூட்டாக ஒன்று வாங்கிவிட்டார்.

அறிவியல் பெட்டியில் காந்தம், லென்ஸ், தராசு என்று என்னென்னவோ இருந்தனவாம். கூடவே, எந்தத் திட்டத்தில் வந்ததோ, ஒரு சூரியக் குடும்ப மாடலும் வந்தது. அடியில் அம்பாலா என்று முத்திரை. ஹரியானாவில் இருக்கும் அம்பாலாதான் இந்தியப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சோதனைக்குழாயும் தராசும் செய்து அனுப்புகிற ஊர். நடுவில் மஞ்சள் உருண்டை, சுற்றி ஒன்பது கம்பி, நுனியில் ஒன்பது உருண்டை, கீழே ஒரு கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் கோள்கள் சுற்றும் என்று சொன்னார்கள்.

பச்சைப் பெயிண்ட் அடித்த பீரோவிலிருந்து அது வெளியே வந்தது வருஷத்துக்கு இரண்டு தரம். ஒன்று, இன்ஸ்பெக்‌ஷன். இன்னொன்று, ஆயுத பூஜை. இன்ஸ்பெக்‌ஷனைவிட ஆயுத பூஜையில்தான் நாங்கள் கோள்களைக் கிட்டத்தில் பார்த்தோம். வியாழனுக்கு நெற்றி நிறையச் சந்தனம், சனியின் வளையத்தில் செவ்வந்திப் பூ, பூமிக்குக் குங்குமம். கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் போய்ப் பார்த்துவிட்டு, பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு வந்தோம். "தொடாதீங்கல, ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்தியாச்சு" என்பார் பெரிய சார். அவர் மேலும் குற்றமில்லை. உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம் அவருக்கு. சொல்லிக்கொடுக்காமல் விட்டால் சம்பளத்தில் பிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நாங்கள் தொடாவிட்டாலும் உப்புக்காற்று தொட்டது. இந்த ஊரில் இரும்பு என்று பெயர் வைத்த எதையும் அது விட்டுவைக்காது. ஒரு இன்ஸ்பெக்‌ஷனில் பெரிய சார் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற, பல்சக்கரம் இறுகிப்போய், கோள்களுக்குப் பதிலாக மேஜைமேல் ஸ்டாண்டே சுற்றியது. சூரியனும் சேர்ந்து சுற்றியது. வந்த அதிகாரி அதைக் கவனிக்கவில்லை. அவர் எண்ணிக்கொண்டிருந்தார். எட்டுதான் இருந்தது. "ரிஜிஸ்டர்ல ஒம்பது போட்டிருக்கே?"

அந்த வாரம் என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் வலை கிடக்கும் என்பது தெரியும். வலை மிதப்பு ஒன்று கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனேன். அதற்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, குடைக்கம்பி ஒன்றில் குத்தி, ஒன்பதாவது இடத்தில் செருகினார்கள். கணக்கு நேரானது. நிஜப் புளூட்டோ 2,377 கிலோமீட்டர் குறுக்களவுதான். நம் நிலாவைவிடச் சின்னது. எங்கள் புளூட்டோ பூமியை மட்டுமல்ல, சனியையும்விடப் பெரிதாக இருந்தது. அடுத்த இன்ஸ்பெக்‌ஷனில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ரிஜிஸ்டரில் எண்ணிக்கைக்குத்தான் பத்தி உண்டு, அளவுக்கு இல்லை.

வானத்தைப் பற்றிக் கையால் ஏதாவது கற்றேன் என்றால் அது தாத்தாவிடம்தான். அது பாடம் என்பது அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. தாத்தா தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, இருந்தவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துப் போய்வந்த ஆள். பழைய துறைமுகத்துப் பக்கம் இருட்டின பிறகு உட்கார்ந்திருக்கும்போது ஒரு நாள் சொன்னார்: "எலேய், கையை நேரா நீட்டு. மடக்காத. வெரலைப் படுக்கப்போட்டு எண்ணு."

வடக்கே, வானம் இறங்கித் தொடுகிற கோட்டுக்கு மேலே, துருவ நட்சத்திரம் தணிவாக, மங்கலாக நிற்கும். கோட்டிலிருந்து அதுவரைக்கும் எண்ணினேன். ஐந்து விரல்.

"இங்கன அஞ்சு. கொழும்புல போய் நின்னா நாலு. மாலத்தீவுக்குப் போனா ரெண்டரைதான் நிக்கும்."

"ஏன் தாத்தா?"

"கீழ எறங்குதோம்லா."

அவ்வளவுதான் விளக்கம். கல்லூரியில் இயற்பியல் படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கிறதோ, ஏறக்குறைய அதுதான் நாம் நிற்கிற இடத்தின் அட்சரேகை. தூத்துக்குடி 8.8 டிகிரி, கொழும்பு 7-க்குக் கொஞ்சம் குறைவு, மாலே 4-க்குக் கொஞ்சம் அதிகம். நீட்டிய கையில் ஒரு விரல் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் டிகிரி. ஐந்து, நாலு, இரண்டரை: தாத்தாவின் கணக்கில் பிசகே இல்லை. பூமி தட்டையாக இருந்தால், அவ்வளவு தூரத்தில் இருக்கிற நட்சத்திரம் கொழும்புக்குப் போவதற்குள் ஒரு விரல் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. பூமி உருண்டை என்பதற்கு உலக உருண்டையே வேண்டாத நிரூபணம் அது. பீரோவுக்குள் ஒரு உலக உருண்டை பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது.

தாத்தாவுக்கு முந்தைய தலைமுறை மாலுமிகளிடம் இதற்கென்றே ஒரு கருவியும் இருந்தது. ராப்பலகை என்பார்கள், அரபு மாலுமிகளிடம் அதற்குக் கமால் என்று பெயர். சின்னச் சதுரப் பலகை, நடுவில் துளை, துளை வழியே முடிச்சு முடிச்சாகக் கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு பலகையை முன்னால் நீட்ட வேண்டும். கீழ்விளிம்பு அடிவானத்தில், மேல்விளிம்பு நட்சத்திரத்தில் பொருந்துகிறபடி கயிற்றைக் கூட்டிக் குறைக்க வேண்டும். எந்த முடிச்சில் பொருந்துகிறதோ அந்த உயரத்துக்கான துறைமுகம் அது. இந்தக் கடற்கரையின் முதல் அறிவியல் கிட் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு அட்டையும் நூலும் இருந்தால் எந்தப் பிள்ளையும் செய்துவிடலாம். பேட்டரி தனியாக வாங்க வேண்டியதில்லை.

கோள் என்ற சொல்லைத் தாத்தா ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் விடிவெள்ளியைக் காட்டி, "அதை நம்பிச் சுக்கான் பிடிச்சிராத. கொஞ்ச நாள் கழிச்சு வேற எடத்துல நிக்கும்" என்பார். வகுப்பில் நாங்கள் பிரம்புக்குப் பயந்து புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் என்று ஒப்பித்துக்கொண்டிருந்தோம். நட்சத்திரத்துக்கும் கோளுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டிருந்தால், வகுப்பு மொத்தமும் பிரம்படி வாங்கியிருக்கும்.

பழசையெல்லாம் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல் அன்று இந்த ஊர் எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்று மத்தியானம் ஒன்றேகால் மணி வாக்கில் வளைய சூரிய கிரகணம். கன்னியாகுமரி, தூத்துக்குடி, ராமேஸ்வரம் வழியாகப் பாதை. தனுஷ்கோடிப் பக்கம் பத்து நிமிஷத்துக்கு மேல் வளையம் நின்றது. இந்தியப் பெருங்கடலில் ஓரிடத்தில் 11 நிமிஷம் 8 விநாடி. இந்த ஆயிரம் வருஷத்தில் அவ்வளவு நீண்ட வளைய கிரகணம் வேறு கிடையாது. இப்படி ஒரு பெரிய காட்சி வாசலுக்கு வந்து நிற்க, ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. கோயில் நடை அடைப்பு, ஓட்டல் அடைப்பு. கிரகணக் கண்ணாடியோடு நின்ற அறிவியல் இயக்கத் தோழர்களைச் சுற்றிக் கொஞ்சம் கூட்டம், மற்றவர்கள் வீட்டுக்குள்.

வீட்டுக்குள்ளும் ஒரு செய்முறை நடந்தது. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினார்கள். நின்றது. கிரகணத்தின்போது மட்டும்தான் உலக்கை நிற்கும் என்றார்கள். பக்கத்து வீட்டுச் சிறுமி மட்டும் மறுநாள் யாருக்கும் தெரியாமல் அதே தாம்பாளம், அதே உலக்கையை வைத்து நிறுத்திப் பார்த்திருக்கிறாள். "இன்னைக்கும் நிக்குது மாமா" என்று ஓடிவந்து சொன்னாள். அடிப்பாகம் தட்டையாக, சமமாக இருந்தால் எந்த உலக்கையும் எந்த நாளும் நிற்கும் என்பதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு நாள்தான் ஆனது. அவள் பாட்டிக்குப் பதில் தயாராக இருந்தது: "தோஷம் இன்னும் முழுசா போகலட்டி."

கிரகணத்தன்று அவளுக்கு ஜல்லிக்கரண்டியைக் காட்டிக்கொடுத்தது நான்தான். தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தால் ஒவ்வொரு துளை வழியாகவும் தரையில் ஒரு மங்கலான வளையம் விழுந்தது. அதைவிடத் தெளிவாக வேப்பமரத்தடியில்: இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் ஒரு சூரியனை வரைந்து, தரை முழுக்க நூற்றுக்கணக்கான வளையங்கள், காற்றடித்தால் அத்தனையும் சேர்ந்து அசைந்தன. அவள் செருப்புக் காலால் ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்தாள். வளையம் செருப்புமேல் ஏறிக்கொண்டது.

இனி இன்றைக்கு வருவோம். வயிற்றுப்பாட்டுக்கு நான் இருப்பது துறைமுகத்தை நம்பிய ஒரு கிளியரிங் ஏஜென்சியில். கன்டெய்னரில் வருகிற சரக்கு என்ன, அதற்கு எந்தத் தலைப்பு, எவ்வளவு சுங்கவரி என்று பார்ப்பது வேலை. சூரியக் குடும்ப கிட் வந்தால் எங்களுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: இது விளையாட்டா, பாடமா? விளையாட்டு என்றால் 9503, பொம்மைகள். 2020-இல் பொம்மைக்கான வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-இல் 70. 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். பாடம் என்றால் 9023: கல்விக்கும் கண்காட்சிக்கும் செய்துகாட்டுவதற்கென்று வடிவமைத்த மாதிரிகள். வரி வெகு குறைவு. ஆனால் சட்டம் ஒரு நிபந்தனை வைக்கிறது. அந்தப் பொருள் வேறு எந்த உபயோகத்துக்கும் லாயக்கில்லாததாக இருக்க வேண்டும். படிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு எங்கள் பச்சை பீரோ ஞாபகம் வரும். அதற்குள் இருந்ததைவிடக் கச்சிதமாக அந்த நிபந்தனையை நிறைவேற்றிய பொருளை நான் இன்னும் பார்க்கவில்லை.

போன வருஷம் தங்கை மகனுக்கு ஒரு கிட் வந்தது. ஆன்லைனில் 1,800 ரூபாய். எட்டு தெர்மாகோல் உருண்டை, எட்டுச் சின்னப் பெயிண்ட் டப்பா, இருட்டில் ஒளிரும் ஸ்டிக்கர், உள்ளே பல்பு எரிகிற சூரியன், ஒரு மோட்டார். பெட்டி மேலே கண்ணை விரித்துச் சிரிக்கும் வெள்ளைக்காரப் பிள்ளை. பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் தகவல்: திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும், மாணவர் சொந்தமாகச் செய்தது என்று பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நான் போனபோது கூடம் முழுக்கப் பழைய பேப்பர். தங்கை சனிக்கு வளையம் ஒட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் நெப்டியூனுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். எட்டாம் நம்பர் டப்பாவில் கரு நீலம். நான் சும்மா இருந்திருக்கலாம். நெப்டியூன் அவ்வளவு நீலம் இல்லை, 1989-இல் வாயேஜர் 2 அனுப்பிய படங்களில் மேகங்கள் எடுப்பாகத் தெரியட்டும் என்று நிறத்தைக் கூட்டிக் காட்டினார்கள், யுரேனஸும் நெப்டியூனும் கிட்டத்தட்ட ஒரே வெளிர் பச்சை நீலம்தான் என்று 2024 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள் என்றேன்.

தங்கை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அண்ணே, கவர்ல என்ன கலரோ அதை அடிக்கட்டும். மிஸ் கவரைப் பாத்துத்தான் மார்க் போடுவாங்க."

எல்லாம் செருகி முடித்து மோட்டாரைப் போட்டார்கள். எட்டுக் கம்பியும் ஒரே தண்டில் மாட்டியிருந்ததால் எட்டும் ஒன்றாகச் சுற்றின. 88 நாளில் ஒரு சுற்று முடிக்கும் புதனும், 165 வருஷம் எடுத்துக்கொள்ளும் நெப்டியூனும் கைகோத்துக் கிளம்பிக் கைகோத்து வந்து சேர்ந்தன. அழகாகத்தான் இருந்தது. மருமகன் சோபாவில் உட்கார்ந்து, இதே கிட்டை வேறொரு பையன் பிரிக்கிற வீடியோவை ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தான். மோட்டார் சத்தம் கேட்டதும் எழுந்து வந்தான்.

"அம்மா, இந்த மோட்டாரை மட்டும் கழட்டித் தாயேன்."

"தொடாத. திங்கக்கெழம வரைக்கும் தொடாத."

"அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறம் ஷோகேஸ்ல வைக்கணும்."

நான் ஒன்றும் பேசாமல் காப்பியைக் குடித்தேன். பள்ளியில் அதற்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கிய வீட்டில் அப்பா சிவில் எஞ்சினியர்.

அந்த மாதமே இன்னொன்றும் பார்த்தேன். சிநேகிதர் ஒருவர் உப்பளங்களை ஒட்டிய அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியர். வானவில் மன்றம் நடக்கிறது, வந்து பாருங்கள் என்றார். 2022 நவம்பர் 28-இல் திருச்சியில் தொடங்கிய அரசுத் திட்டம் அது. 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிக்கிற பிள்ளைகளுக்கு, கருத்தாளர்கள் டூவீலரில் சாமான்களோடு வந்து அறிவியலும் கணக்கும் செய்து காட்டுகிறார்கள், பிள்ளைகளையும் செய்யவைக்கிறார்கள். அன்றைக்கு வந்த பெண்ணின் பையில் சார்ட், நூல்கண்டு, எலுமிச்சம்பழம், கோலிக்குண்டு. பூட்டுவதற்கு லாயக்கான பொருள் ஒன்றும் இல்லை.

மஞ்சள் சார்ட்டில் 55 சென்டிமீட்டர் குறுக்களவுக்கு ஒரு வட்டம் வெட்டினார்கள். அது சூரியன். அந்தக் கணக்குக்குப் பூமி 5 மில்லிமீட்டர். முத்துநகரில் பூமிக்கு முத்து வைப்பதுதானே மரியாதை? இந்தக் கடலில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-இல். ஆகவே பூமி ஃபேன்சி ஸ்டோர் பிளாஸ்டிக் முத்து. நிலாவுக்குப் பாத்தி ஓரத்திலிருந்து ஒரு பையன் பொடி உப்புக்கல்லாகப் பொறுக்கிக் கொண்டுவந்தான். முத்திலிருந்து ஒன்றரை விரற்கடை தள்ளி வைக்கப்போனான். "இன்னும் தள்ளு" என்றாள் அந்தப் பெண். ஒரு சாண் வரவில்லை. 15 சென்டிமீட்டரில் நிறுத்தினாள்.

பிறகு உப்பளத்து வண்டிப்பாதையில் நடை. சூரியனிலிருந்து பூமி 59 மீட்டர், பிள்ளைகள் எட்டுக்கு நூறு எட்டு. புதன் அதற்குள் 39-ஆவது எட்டிலும், வெள்ளி 72-ஆவது எட்டிலும் நின்றுவிட்டன. செவ்வாய் 152. அதுவரைக்கும் பாட்டும் கும்மாளமும்தான். வியாழனை, எலுமிச்சம்பழத்தை, 520-ஆவது எட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மஞ்சள் வட்டம் ஒரு பொட்டு. சனி 955. யுரேனஸுக்கு 1,900 தாண்ட வேண்டும் என்றதும் கூட்டம் கரைந்தது. நெப்டியூன் 3,000 எட்டு, ஏறக்குறைய 1,770 மீட்டர். கோலிக்குண்டை வைத்திருந்தவன் சைக்கிள் கேட்டான். உப்பு வாருகிற அக்காக்கள் வேலையை நிறுத்திவிட்டு, எதைத் தேடுகிறீர்கள் என்று விசாரித்தார்கள்.

"இதுக்கு அடுத்த நட்சத்திரம் எங்க வைக்கணும் மிஸ்?"

"15,000 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். அமெரிக்காவுல."

அந்தப் பையன் சைக்கிளைத் திருப்பினான். யாரும் அவனை நிறுத்தி ஒப்பிக்கச் சொல்லவில்லை. வெயிலில் நடந்த கால் வலி இருக்கிறதே, சூரியக் குடும்பத்தில் பெரும்பகுதி வெற்றிடம் என்பதை அது மறக்க விடாது. எந்தக் கிட்டிலும் அந்த வெற்றிடத்தை அடைத்து அனுப்ப முடியாது. அனுப்பினால் அதற்கு எந்தத் தலைப்பில் வரி போடுவது என்று எங்கள் ஆபீஸ் திண்டாடும்.

திரும்பி வரும்போது பேச்சு குலசைக்குப் போனது. எங்கள் மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டி, இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் எழும்புகிறது. சின்ன ராக்கெட்டுகளுக்கானது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கைக்கு மேலே பறக்காமல் வளைத்துக்கொண்டு போக வேண்டும், எரிபொருள் வீண். குலசையிலிருந்து நேர் தெற்கே கடல்தான். தாத்தா ஐந்து விரலில் கிளம்பி இரண்டரை விரலுக்கு இறங்கிய அதே திசை. ராக்கெட் கிளம்புகிற அன்றைக்குப் பள்ளிக்கு லீவா என்பதுதான் பிள்ளைகளின் கவலை.

நடந்ததையெல்லாம் தங்கையிடம் சொன்னேன். உடைக்க முடியாத கிட் அறிவியல் கிட்டே இல்லை என்றும் ஒரு பிரசங்கம் செய்தேன்.

"பேசுறதுக்கு நல்லாத்தான் இருக்கு. 1,800 ரூவாண்ணே. உடைக்கதுக்குன்னு ஒண்ணு நீ வாங்கிக் குடு" என்றாள். பதில் சொல்ல முடியாத வாதம்.

ஆனால் அதற்குத் தேவை வரவில்லை. போன மாதம் போனபோது ஷோகேஸில் கோள்கள் அசையாமல் நின்றன. சூரியனுக்குக் கீழே மோட்டார் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. புறவாசலில் மருமகன் குந்தியிருந்தான். கழுவுகிற பெரிய தொட்டியில் தெர்மாகோல் படகு ஒன்று, அதன் பின்னால் அந்த மோட்டார், ஐஸ்கிரீம் குச்சியில் செய்த இறக்கை. படகு ஓடியது, நேராக ஓடாமல் இடப்பக்கமாக வட்டமடித்துக்கொண்டே இருந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சுக்கான் இல்லை. தண்டல் பேரன் இல்லையா? குனிந்து, படகைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

"நீங்க தொடாதீங்க மாமா" என்றான் தலையைத் தூக்காமல். "நான் பாத்துக்கிடுதேன்."